மாஸ்டர் தேடிப்போன பெடியன்

இந்த முறை எங்கள் பழைய மாணவர் சங்க மலருக்கு எல்லோரும் கணித மாஸ்டரைப் பற்றித்தான் எழுதுவீர்கள் என்று தெரியும். அவர் காலமான செய்தி வந்த இரவு ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கிற எங்கள் வகுப்புக்காரர் ஆளுக்காள் போன் எடுத்துப் பேசினோம். தூய கணிதம், பிரயோக கணிதம், கையில் எப்போதும் இருக்கிற கட்டைச் சோக்கு, கரும்பலகையைப் பார்த்தபடியே பின்வாங்கில் கதைக்கிறவனைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிற விதம், எல்லாம் பேச்சில் வந்தது. ஒருவனின் பெயரை மட்டும் யாரும் எடுக்கவில்லை. மாஸ்டரை நினைத்தால் எனக்கு அவன்தான் முதலில் வருகிறான், அதனால் அவனைப் பற்றி எழுதுகிறேன். அவன் அம்மா இன்னும் ஊரில்தான் இருக்கிறார், பெயர் போடவில்லை. எங்கள் வகுப்புக்காரருக்குப் பெயர் தேவைப்படாது.

1990 ஜூனில் யாழ்ப்பாணத்தில் சண்டை திரும்பத் தொடங்கியபோது நாங்கள் ஏ.எல். (உயர்தர) கணிதப் பிரிவில் இருந்தோம். கரண்ட் இல்லை, மண்ணெண்ணெய் இல்லை, ஜாம் போத்தல் விளக்கு, சைக்கிள் டைனமோவில் றேடியோ. இதெல்லாம் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மாஸ்டர் எறியங்கள் படிப்பித்துக்கொண்டிருந்த கிழமை பலாலி ஆமி முகாமில் இருந்து ஷெல் வந்துகொண்டிருந்தது. அங்கே ஷெல் குத்துகிற, அதாவது ஏவுகிற, சத்தம் கேட்டதும் எண்ணத் தொடங்குவோம், விழுகிற சத்தம் வரும்வரை. அவன் எழும்பிக் கேட்டான்: "சேர், புறப்படுற வேகமும் கோணமும் தெரிஞ்சா எங்க விழும் எண்டு சொல்லலாம்தானே?" மாஸ்டர் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். "வளித்தடையைப் புறக்கணிச்சால் சொல்லலாம் தம்பி" என்றார். அப்புறம் அந்தக் கணக்கை அழித்துவிட்டு வேறு கணக்குப் போட்டார். அந்த வகுப்பில் எங்களுக்கு விளங்காததெல்லாம் அவனுக்கு விளங்கும், விளங்கியதை எங்களுக்கு மதிலடியில் வைத்துச் சொல்லியும் தருவான். எனக்கு வகையீடு விளங்கியது அவனால்தான்.

அடுத்த வருடத் தொடக்கத்தில் ஒரு திங்கட்கிழமை அவன் வரவில்லை. மத்தியானத்துக்குள் எல்லோருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது, இயக்கத்துக்கு, புலிகளிடம், போய்விட்டான். அவனுக்கு 17 வயது. யாரும் வந்து பிடித்துக்கொண்டு போகவில்லை, தானாகத்தான் போனான். ஆனால் அந்த வயதில் தானாகப் போவது என்பதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு இன்றைக்கும் பதில் இல்லை. தலைக்கு மேல் குண்டு போடுகிற சகடை விமானம் சுற்றுகிறது, பள்ளிக்கூடத்துக்கே வந்து கூட்டம் வைத்துக் கேட்கிறார்கள், பக்கத்து வாங்குக்காரன் போய்விட்டான். 17 வயதுப் பிள்ளையை எந்தப் பக்கமும் கேட்டிருக்கக் கூடாது என்பதுதான் என் எண்ணம். இதைச் சொன்னால் சங்கத்தில் சிலருக்குக் கோபம் வரும். சரி, வரட்டும்.

அன்று பின்னேரம் மாஸ்டர் சைக்கிளை எடுத்தார். அவன் அம்மாவும் கூட வருவதாகச் சொன்னார், வேண்டாம் என்று சொல்லிவிட்டு என்னை மட்டும் கூட்டிக்கொண்டு போனார். முகாம் வாசலில் காவலுக்கு நின்ற பெடியன் எங்களுக்கு இரண்டு வகுப்பு மேலே படித்தவன், மாஸ்டரிடம் ஓ.எல். கணிதம் படித்தவன். தெரியாத ஆளிடம் பேசுவதுபோல் பேசினான். றோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நிற்கச் சொன்னான். மாஸ்டர் போய் நின்றார். வெயில் சாய்ந்து இருட்டும்வரை நின்றார். கடைசியில் வேறொருவர் வெளியே வந்தார். மாஸ்டர் கையைக் கட்டிக்கொண்டு, எங்கள் பள்ளிக்கூடத்தில் அதிபருக்கு முன்னால்கூடக் கையைக் கட்டாத மனிதர், "தம்பி, அவனை விடச் சொல்லி நான் கேக்கேல்லை, சோதனையை எழுதிப்போட்டு வரட்டும், அவ்வளவுதான் கேக்கிறன்" என்றார். அவன் அங்கே இல்லை, பயிற்சிக்குப் போய்விட்டான், இனிமேல் இந்தப் பக்கம் வரவேண்டாம் என்று பதில் வந்தது. திரும்பி வருகிற வழி முழுக்க அவர் ஒன்றும் பேசவில்லை. அதற்குப் பிறகும் போனார், அது எனக்குப் பின்னால்தான் தெரியும்.

1991 ஜூலை 10-ஆம் தேதி ஆனையிறவுச் சண்டை தொடங்கியது. ஒரு பக்கம் இயக்கம் ஆமி முகாமைச் சுற்றி வளைத்தது, மற்றப் பக்கம் அரசாங்கம் கடலால் வெற்றிலைக்கேணியில் ஆமியை இறக்கியது, ஆகஸ்ட் வரை இழுபட்டது. மறைவில்லாத உப்பு வெளி அது. இயக்கத்தில் மட்டும் 500-க்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். அவன் பெட்டியாக வந்தான், பெட்டியைத் திறக்க விடவில்லை. கோப்பாய்த் துயிலும் இல்லத்தில், இயக்கம் தன் ஆட்களைப் புதைக்கிற இடத்தில், மண் போட்டோம். மாஸ்டர் எங்கள் வகுப்புப் பெடியங்களோடு கடைசிவரை நின்றார்.

அடுத்த வருடம் நான் வெளிக்கிட்டேன். வெளியே போக இயக்கத்திடம் பாஸ் எடுக்கப் பிணைக்கு ஆள் வேண்டும், நான் திரும்பி வராவிட்டால் பிணை நின்றவர்தான் பதில் சொல்ல வேண்டும். மாஸ்டர் கேட்காமலே வந்து கையெழுத்து வைத்தார். "நீ வராத, போய்ப் படி" என்றார். கிளாலிக் கடல்நீரேரியால் இரவுப் படகில் போனேன். அவரைக் கூப்பிட்டு விசாரித்தார்கள் என்று பல வருடம் கழித்து இன்னொருவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும், அவர் ஒரு கடிதத்திலும் எழுதவில்லை. கனடாவில் நான் படித்த படிப்பு, கட்டிய வீடு, எல்லாவற்றுக்கும் அடியில் அந்தக் கையெழுத்து இருக்கிறது. அவருக்குப் பக்கத்தில் இருந்திருக்க வேண்டிய வருடங்களை இங்கே பனி வழித்துக் கழித்தேன் என்பதும் இருக்கிறது.

போர் முடிந்த பிறகு ஊருக்குப் போனபோது பஸ் ஆனையிறவில் நின்றது. அதே சண்டையில், இயக்கம் கொண்டுவந்த கவச புல்டோசரில் ஏறி அதை நிறுத்திச் செத்த ஹசலக்க ஊர்ச் சிப்பாய் காமினி குலரத்னவுக்கு அங்கே நினைவிடம், அந்த புல்டோசரும் பக்கத்தில் நிற்கிறது. சனம் படம் எடுத்துக்கொண்டு நின்றது. எங்களவன் கிடந்த கோப்பாய்த் துயிலும் இல்லத்தை ஆமி யாழ்ப்பாணத்தைப் பிடித்த பிறகு இடித்தார்கள், 2002 சமாதானத்தில் திரும்பக் கட்டியதைப் போருக்குப் பிறகு மறுபடி இடித்து, 2011-இல் அதற்கு மேல் 51-ஆவது டிவிஷன் தலைமையகம் திறந்தார்கள். மாவீரர் நாள், நவம்பர் 27, வந்தால் தாய்மார் எதிர்க் காணியில் விளக்கு வைக்கிறார்கள். மாஸ்டரிடம் இதைச் சொல்லி நான் கத்தினேன். அவர், "அந்த ஹசலக்கப் பெடியனுக்கும் தாய் ஒருத்தி இருப்பாதானே, அவவுக்குப் போய் நிக்க ஒரு இடம் இருக்கிறது நல்லதுதான். எங்கட பிள்ளையின்ர தாய்க்கும் அதைக் குடுத்திருக்கலாம்" என்றார்.

அவன் தங்கச்சிக்கு மாஸ்டர் காசு வாங்காமல் ஏ.எல். வரை படிப்பித்தார். அவள் இப்போது வன்னியில் கணித ரீச்சர். அவள்தான் மாஸ்டரின் செத்தவீட்டன்று போனில் என்னிடம் ஒன்று கேட்டாள், இதை எழுத உட்கார்ந்ததும் அதற்காகத்தான். 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமச் சனம் எல்லாம் இடம்பெயர்ந்து வெளிக்கிட்டபோது அவர்கள் வீட்டு அல்பங்கள் போய்விட்டன. இயக்கம் கொடுத்த வரிப்புலி உடுப்புப் படம் ஒன்றுதான் அம்மாவிடம் மிஞ்சியது, அதையும் 2009-க்குப் பிறகு பயத்தில் புதைக்க வேண்டி வந்தது, எடுத்துப் பார்த்தபோது உக்கிப்போயிருந்தது. அம்மா கேட்பது வெள்ளைச் சேட்டுப் போட்ட படம். 1990 இல்ல மெய்வல்லுநர் போட்டிப் படமோ, வகுப்புப் படமோ, யாராவது வெளிநாட்டுக்கு எடுத்து வந்திருப்பீர்கள். பின்வரிசையில் இடமிருந்து மூன்றாவதாக நின்றவன். தயவுசெய்து தேடிப் பார்த்து, சங்கச் செயலாளரிடம் கொடுங்கள். அம்மாவுக்கு 80 தாண்டிவிட்டது, கெதியாகத் தேடுங்கள்.