விளையில் விறகு அறுக்க 22 இன்ச் எதற்கு?

போன ஞாயிற்றுக்கிழமை அத்தை மகன் போன் செய்தான். "அத்தான், மரம் அறுக்கிற மெஷின் எடுக்க கடைக்கு வந்திருக்கேன், 22 இன்ச் எடுக்கவா 16 எடுக்கவா, விலையில பெரிய வித்தியாசம் இல்ல" என்றான். எதையும் எடுக்காதே, முதலில் வீட்டுக்கு வா என்று சொல்லிவிட்டேன். அவன் வந்த பிறகு திண்ணையில் உட்கார்ந்து சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். குமரி மாவட்டத்தில் குலசேகரம், திருவட்டாறு, அருமனை பக்கம் அரை ஏக்கர் ரப்பர் வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் இந்தக் கேள்வி ஒருநாள் வரும். பெரியதாக வாங்கினால் எல்லாவற்றுக்கும் ஆகும் என்ற பதிலும் கூடவே வரும். அந்தப் பதில் தப்பு.

எனக்கும் அதே பதிலைத்தான் சொன்னார்கள். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்து ஓய்ந்தபோது எங்கள் விளையில் (தோட்டத்தில்) முப்பதுக்கும் மேற்பட்ட ரப்பர் மரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. மாவட்டம் முழுக்க அதே கதை என்பதால் மெஷின்காரரைக் கூப்பிட்டால் பத்து நாள் கழித்துப் பார்க்கலாம் என்றார், வீட்டுக்குப் போகிற வழியே அடைந்து கிடந்தது, பொறுக்க முடியாமல் போய் 58 சிசி, 22 இன்ச் பார் போட்ட ஒரு மெஷினை வாங்கி வந்தேன். (பார் என்பது சங்கிலி சுற்றி ஓடுகிற அந்த நீளமான தகடு.) பெட்ரோலும் ஆயிலும் ஊற்றினால் ஏழு கிலோவுக்கு மேல். தடி அறுக்கும்போது தெரியவில்லை, தடியின் மேல் மெஷினைச் சாய்த்துக்கொள்ளலாம். கிளை கழிக்க ஆரம்பித்ததும்தான் தெரிந்தது. அரை மணி நேரத்தில் முன்கை மரத்துப்போகும், நடு முதுகு பிடித்துக்கொள்ளும், கை தளர்ந்த நேரத்தில்தான் கவனமும் தளரும்.

மூன்றாம் நாள் மெஷின் உதைத்தது. மூன்று இன்ச் கிளை ஒன்றை அறுக்கிறேன், பாரின் நுனி அந்தப் பக்கம் தழைக்குள் மறைந்திருந்த இன்னொரு கிளையில் முட்டியது. முட்டிய நொடியில் மெஷின் மேலே எகிறி முகத்துக்கு நேராக வந்தது. இடது கை முன்னால் இருக்கிற பிரேக்கில் பட்டு சங்கிலி நின்றதால் நெற்றியில் ஒரு கீறலோடு போயிற்று. அம்மா அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. நுனியின் மேல்பாதி எதிலாவது பட்டால் மெஷின் இப்படித்தான் உதைக்கும், அது எந்த மெஷினுக்கும் உண்டு. ஆனால் கையில் 22 இன்ச் இருக்கும்போது அறுக்கிற கிளைக்கு அப்பால் ஒன்றரை அடி பார் சும்மா நீட்டிக்கொண்டிருக்கிறது, அதன் நுனி எங்கே இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரிவதே இல்லை. நீளம் கூடக் கூட பாதுகாப்பு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

சரி, எத்தனை இன்ச் வேண்டும் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நம் ஊரில் இது சுலபம். ரப்பர்காரர்கள் எல்லோரும் டேப் பிடித்து மரத்தின் வண்ணம் (சுற்றளவு) அளந்தவர்கள்தான். ஒட்டுப் போட்ட இடத்திலிருந்து 125 செ.மீ. உயரத்தில் சுற்றளவு 50 செ.மீ. வந்தால்தான் பால் வெட்டுக்கு மார்க் போடுகிறோம். அந்தச் சுற்றளவை 3.14-ஆல் வகுத்தால் குறுக்களவு. 50 செ.மீ. மரம் என்றால் 16 செ.மீ., அதாவது ஆறேகால் இன்ச். பால் வெட்டி முடிந்து கழிக்கிற முதிர்ந்த மரம் ஒரு மீட்டர் சுற்றளவு இருந்தால்கூட 32 செ.மீ., பன்னிரண்டரை இன்ச்தான். அறுக்கிற தடியைவிட பார் இரண்டு இன்ச் நீளமாக இருந்தால் போதும் என்பது பொதுக் கணக்கு. அப்படியானால் ஒரு ரப்பர் விளைக்கு 16 இன்ச் தாராளம். 14 கூட பலருக்குப் போதும். அதைவிடத் தடிமனான ஒன்று எப்போதாவது வந்தால், 22, 24 இன்ச் தடியைக்கூட 16 இன்ச் பாரால் இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதி என்று அறுத்துவிடலாம், கொஞ்சம் பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

விளையில் உள்ள மிகப் பெரிய மரத்தை மனதில் வைத்து மெஷின் வாங்குகிறோம், தப்பு அங்கேதான் நடக்கிறது. புளியோ அயினிப் பலாவோ ஆயுளில் எத்தனை தடவை வெட்டப் போகிறோம்? வாரம் தோறும் அறுப்பது என்ன என்று பாருங்கள். எங்கள் வீட்டில் ரப்பர் ஷீட் புகை போடுகிற புரைக்கு (கொட்டகைக்கு) விறகு வேண்டும், அது நாலு நாள் விடாமல் கனன்றுகொண்டிருக்க வேண்டும் என்பதால் எரிந்து தீர்கிற அளவு கொஞ்சம் இல்லை, அதோடு அடுப்புக்கு ஒன்றேகால் அடித் துண்டு வேண்டும். எல்லாமே நாலு முதல் பத்து இன்ச் தடிமன். இதற்குத்தான் மெஷின் பொருந்த வேண்டும்.

பார் நீளத்தை மட்டும் பார்த்தும் வாங்கக் கூடாது, இன்ஜினோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 30 சிசி இன்ஜினுக்கு 12, 14 இன்ச். 16 இன்ச்சுக்கு 40, 45 சிசி இருந்தால் நன்றாக இழுக்கும். 20-க்கு மேல் போனால் 55-லிருந்து 70 சிசி வரை வேண்டும். சின்ன இன்ஜினில் நீள பார் மாட்டிக் கொடுத்தால் தடிக்குள் போனதும் மூச்சுத் திணறும், சங்கிலியின் வேகம் குறையும், அந்த நீளத்துக்கு ஆயில் பம்ப் எண்ணெய் எட்டாமல் பார் சூடாகி நீலம் பாய்ந்துவிடும். அப்புறம் மரத்தின் குணம். பச்சை ரப்பர் வெண்ணெய் மாதிரி அறுபடும், பால்தான் சங்கிலியில் ஒட்டிக்கொள்ளும், வேலை முடிந்ததும் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்துவிட வேண்டும். காய்ந்த புளி நேர் எதிர், கல் மாதிரி, சங்கிலியின் பல் சீக்கிரம் மழுங்கிவிடும். கொல்லாமரம் (முந்திரி) வெட்டினால் அதன் கறை தோலில் படாமல் முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள்.

எத்தனை இன்ச் என்பதைவிட சங்கிலி கூர்மையாக இருக்கிறதா என்பதுதான் எனக்கு இப்போது பெரிய விஷயம். மழுங்கிய 22 இன்ச்சைவிட கூரான 14 இன்ச் வேகமாக அறுக்கும், இதை நான் இரண்டும் கையில் பிடித்துப் பார்த்துச் சொல்கிறேன். கீழே விழுகிற தூளைப் பாருங்கள். செதில் செதிலாக விழுந்தால் கூர் இருக்கிறது, மாவு மாதிரி விழுந்தால் அரம் போடுகிற நேரம் வந்துவிட்டது. மழுங்கின சங்கிலியோடு மெஷினை அமுக்கி அமுக்கி அறுப்பவர்களுக்குத்தான் கை வலியும் விபத்தும் வருகிறது. சின்ன மெஷின்களில் வருகிற மெல்லிய 3/8 சங்கிலிக்கு 4 மி.மீ. உருண்டை அரம், நடுத்தர மெஷின்களின் .325 சங்கிலிக்கு 4.8 மி.மீ. (3/8, .325 என்பது கண்ணிகளின் இடைவெளி, இன்ச் கணக்கில்.) மெஷின் வாங்கும்போதே எந்தச் சங்கிலி, எத்தனை கண்ணி என்று கேட்டு அட்டையில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் மாற்றுச் சங்கிலி வாங்கப் போய் பொருந்தாமல் திரும்பி வருவீர்கள். ஒரு தடவை மண்ணில் உரசினால் கூர் போயிற்று, அதனால் தடிக்கு அடியில் கட்டை வைத்து உயர்த்திக்கொண்டு அறுக்க வேண்டும்.

கரண்டில் ஓடுவது வாங்கலாமா என்று அத்தை மகன் கேட்டான். முற்றத்திலேயே விறகை அடுக்கி வைத்து அறுப்பவருக்கு 2000 வாட், 16 இன்ச் கரண்டு மெஷின் நல்லதுதான், புகை இல்லை, கயிறு இழுக்க வேண்டாம், சத்தமும் குறைவு. விளைக்குள் நூறு மீட்டர் வயர் இழுத்தால் வோல்டேஜ் இறங்கி மோட்டார் சூடாகும். அவன் மரம் நிற்பது ஓடைக்கு அந்தப் பக்கம், அதனால் பெட்ரோல்தான்.

பெட்ரோலில் 2டி ஆயில் (டூ ஸ்ட்ரோக் இன்ஜினுக்கான எண்ணெய்) கலக்கும் அளவை மெஷினோடு வரும் புத்தகத்தில் பாருங்கள். 50-க்கு 1 என்று இருந்தால் லிட்டருக்கு 20 மி.லி., 25-க்கு 1 என்றால் 40. இப்போது பம்பில் வருகிற பெட்ரோலில் எத்தனால் 20 சதவீதம் வரை இருக்கிறது, அது ஈரத்தை இழுக்கும், நம் ஊர் மழைக்காலத்தில் கேட்கவே வேண்டாம். ஒரு மாதத்துக்கு மேல் அறுக்கப் போவதில்லை என்றால் டேங்க்கைக் காலி செய்து, தானாக நிற்கும்வரை ஓடவிட்டு வையுங்கள்.

புயலில் வேரோடு சாய்ந்த மரத்தில் மட்டும் புதிதாக வாங்கியவர்கள் கை வைக்க வேண்டாம். தடியை அறுத்ததும் வேர்க்கட்டை தானாக எழுந்து குழிக்குள் திரும்ப உட்காரும். வளைந்து அழுத்தத்தில் கிடக்கிற கிளை அறுபட்டதும் வில் மாதிரி அடிக்கும். அதற்குப் பழகிய ஆளைக் கூப்பிடுங்கள். எங்கள் எல்லைப் புளி போன வருஷம் பட்டுப்போனபோது நானும் அப்படித்தான் செய்தேன். பெரிய மெஷின்காரர் அரை நாளில் சாய்த்து வட்டம் வட்டமாகத் துண்டு போட்டுத் தந்தார், மிச்சத்தை, அந்த 22-க்குப் பிறகு நான் வாங்கிய 16 இன்ச் மெஷின் பார்த்துக்கொண்டது.

சாயங்காலம் அத்தை மகனோடு டேப் எடுத்துக்கொண்டு அவன் விளைக்குப் போய் இருபது மரங்கள் அளந்தோம். பெரியது 104 செ.மீ., பதின்மூன்று இன்ச். மறுநாள் 45 சிசி, 16 இன்ச் மெஷின் ஒன்றும், 4.8 அரம் இரண்டும், கண்ணாடியும் காதுக்கு மூடியும் வாங்கி வந்தான். பூட்ஸ் இன்னும் வாங்கவில்லை, செருப்புக் காலோடு அறுக்க மாட்டேன் என்று அத்தையிடம் சத்தியம் செய்திருக்கிறான்.