பம்ப் போச்சா? கொஞ்சம் பொறுங்க!

பழைய காரை பார்க்கிங்கில் ஒடித்துத் திருப்பும்போது ‘ங்ங்ஙொய்ய்ய்’ என்று ஒரு முனகல் கிளம்புமே, அதைக் கேட்டதும் வண்டியில் இருக்கும் அத்தனை பேரும் நிபுணர்களாகிவிடுவார்கள். பின்சீட்டுக்காரர் ‘கியர்பாக்ஸ்’ என்பார். பக்கத்து சீட்டுக்காரர் பாட்டுச் சத்தத்தைக் கூட்டி வைப்பார் (அதுவும் ஒரு வைத்தியம்தான், அரை நாள் தாங்கும்). பானெட்டைத் திறக்கும் முன்பே ‘பவர் ஸ்டீயரிங் பம்ப் போச்சு’ என்று ஒருவர் சொல்லி முடித்திருப்பார். (ஸ்டீயரிங் லேசாகத் திரும்ப, ஆயிலை அழுத்தித் தள்ளுகிற பம்ப் அது.) பாவம் ஓரிடம், பழி பம்பிடம்.

முதலில் காதைக் கொடுங்கள். ஸ்டீயரிங்கைக் கடைசிவரை ஒடித்துப் பிடித்தால் மட்டும் ‘உஸ்ஸ்’ என்றால் அது நோயே இல்லை. அழுத்தம் மிஞ்சினால் வழிவிடும் ரிலீஃப் வால்வு திறக்கிறது. ஆனால் அப்படி ஐந்து விநாடிக்கு மேல் பிடிக்காதீர்கள், ஆயில் தாறுமாறாகச் சூடாகும். ‘கீஈஈச்’ என்றால் பம்பைச் சுழற்றும் பெல்ட். என்ஜின் ஓடும்போது கையைத் தள்ளி வைத்து, பெல்ட்டின் வரிப்பள்ளங்களில் கொஞ்சம் தண்ணீர் பீய்ச்சுங்கள். சத்தம் அடங்கினாலும் சரி, கூடினாலும் சரி, ஆள் அதுதான். குழியில் இறங்கும்போது மட்டும் ‘டொக்’ என்றால் ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் பக்கம் போய்ப் பாருங்கள்.

முனகல் மட்டும் என்றால், பவர் ஸ்டீயரிங் ஆயில் டப்பா மூடியைத் திறந்து டார்ச் அடியுங்கள். அளவு குறைந்திருக்கிறதா? தெளிந்திருக்க வேண்டிய ஆயில் (பல வண்டிகளில் சிவப்பு) மில்க்ஷேக் மாதிரி நுரைத்திருக்கிறதா? நுரை என்றால் உள்ளே காற்று. ‘கீழே ஒரு சொட்டு ஒழுகலையே!’ என்று சத்தியம் செய்வார்கள். ஒழுகாது. டப்பாவிலிருந்து பம்புக்குப் போகும் ஹோஸில் அழுத்தம் இல்லை, உறிஞ்சல்தான். அங்கே ஓட்டை விழுந்தால் என்ஜின் ஓடும்போது ஆயில் வெளியே வருவதைவிடக் காற்று உள்ளே போவதுதான் அதிகம். பம்பின் வாயில் இருக்கும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம்தான் பெரும்பாலும் குற்றவாளி. என்ஜின் சூட்டில் வருஷக்கணக்காக வெந்து, ரப்பர் என்ற நினைப்பே மறந்து, கழற்றினால் வளையல் துண்டு மாதிரி ‘படக்’கென்று ஒடியும். அதே அளவில், ஆயில் தாங்கும் ரகத்தில் புதியது வாங்கி, ஆயில் தடவி மாட்டுங்கள். சீலன்ட் (அடைப்புப் பசை) பூசுவது வேண்டாம். பிய்ந்த துணுக்கு உள்ளே போய் வேறு வேலை வைக்கும். ஹோஸ் கிளாம்பையும் இறுக்குங்கள்.

பல டப்பாக்களின் அடியில் ஒரு வலை வடிகட்டி ஒளிந்திருக்கும். ஆயில் கறுத்திருந்தால் அது கண்ணுக்கே தெரியாது. அது அடைத்துக்கொண்டால் புது பம்ப் போட்டாலும் அதே முனகல்தான்.

எந்த ஆயில் என்பது மூடியிலோ கையேட்டிலோ இருக்கும். சில வண்டிகள் ஆட்டோமேட்டிக் கியருக்கு ஊற்றும் ஏடிஎஃப் ஆயிலையே கேட்கும், ஹோண்டா தனி ஆயில் கேட்கும். பிரேக் ஆயிலை மட்டும் ஊற்றிவிடாதீர்கள், சீல்கள் ஊதிப் பாழாகும்.

பிறகு காற்றை வெளியேற்றணும். முன் சக்கரம் இரண்டையும் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, என்ஜினை ஆஃப் செய்த நிலையிலேயே ஸ்டீயரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு மெதுவாக இருபது தடவை திருப்புங்கள். அளவு இறங்க இறங்க ஊற்றுங்கள். குமிழி நின்ற பிறகே ஸ்டார்ட். அவசரப்பட்டு முதலிலேயே ஸ்டார்ட் செய்தால் பம்ப் அந்தக் காற்றைக் கடைந்து நுரையாக்கிவிடும். அது அடங்கும்வரை உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

ஆயில் தெளிவு, அளவு சரி, ஓ-ரிங் புதுசு, பெல்ட் இறுக்கம். அப்புறமும் முனகுகிறதா? இப்போது தாராளமாக பம்பைத் திட்டலாம்.