சூளை கன்ட்ரோலர் செய்முறைத் தேர்வு: ஒருமுறை கோட்டை விட்டவள் சொல்வது

சுடுமண், பீங்கான் வேலை கற்றுத்தரும் ஓராண்டுச் சான்றிதழ்ப் படிப்பில் எனக்குச் சக்கரம் வந்தது, கிளேஸ் (பண்டத்தின் மேல் பூசும் கண்ணாடிப் பூச்சு) கலக்கவும் வந்தது. மின்சூளையின் கன்ட்ரோலரில், அதாவது சூட்டைக் கட்டுப்படுத்தும் கருவியில், புரோகிராம் போடுகிற செய்முறைத் தேர்வில்தான் முதல் தடவை ஃபெயில். ஆறு மாதம் கழித்து மறுபடி எழுதித் தேறினேன். இந்த வருடம் எழுதப் போகிறவர்கள் இரண்டு மூன்று பேர் எப்படிப் படிக்கிறது என்று கேட்டார்கள், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதற்கு ஒரேயடியாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

தேர்வு எங்களுக்கு இப்படித்தான் இருந்தது. ஒரு தாளில் மண் என்ன, பண்டம் எவ்வளவு தடிமன், எந்தக் கோன் (சூளைக்குள் வைக்கும், வேக்காடு வந்ததும் வளையும் சின்னக் கூம்பு, அதன் எண்) என்று மூன்று விஷயம் மட்டும் கொடுப்பார்கள். அரை மணி நேரத்தில் சுடும் திட்டத்தை எழுதி, கன்ட்ரோலரில் ஏற்றி, ஏன் அப்படிப் போட்டோம் என்று வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) சொல்லி, அப்புறம் சூளையை ஓட்டி, மணிக்கொருமுறை குறிப்பேட்டில் எழுதி, மறுநாள் திறந்து காட்டவேண்டும். மூடியைத் திறந்தால் உள்ளே இருப்பது பண்டமா ஓட்டாஞ்சில்லா என்று எல்லோரும் பார்ப்பார்கள், அதனால் மழுப்ப வழியில்லை.

நான் செய்த தப்பு என்னவென்றால் எண்களை மனப்பாடம் செய்தது. தோழி ஒருத்தியின் நோட்டில் பிஸ்க் (கிளேஸ் பூசும் முன் முதல் தடவை) சுடுவதற்கு 60, 100, 150 என்று இருந்தது, அதாவது 120 டிகிரி வரை மணிக்கு 60, 600 வரை மணிக்கு 100, 1000 வரை மணிக்கு 150. வகுப்பில் பழகிய சின்னச் சூளை வேகத்தைக் கேட்கிற வகை, அதில் இதே எண்களை அப்படியே தட்டினால் சரியாக ஓடும். தேர்வில் இருந்ததோ நேரத்தைக் கேட்கிற வகை. C01, t01, C02, t02 என்று வரிசையாகக் கேட்கும். C என்பது வெப்பம், t என்பது அங்கிருந்து அடுத்த வெப்பத்துக்குப் போக எத்தனை நிமிடம் என்பது. நான் 100 என்று தட்டினேன், அது 100 நிமிடம் என்று எடுத்துக்கொண்டது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 120-லிருந்து 600 வரை 480 டிகிரி. மணிக்கு 100 வீதம் ஏறினால் 4 மணி 48 நிமிடம், அதாவது 288 நிமிடம் வேண்டும். 100 நிமிடத்தில் ஏறச் சொன்னால் வேகம் மணிக்கு 288 டிகிரி. (இரண்டு இடத்திலும் 288 வருவது தற்செயல்தான், ஆனால் அந்த எண்ணை இன்றைக்கும் எங்கே பார்த்தாலும் வயிற்றைக் கலக்கும்.) பண்டம் ஒரு மண் குதிரை, கால் நான்கும் உள்ளே குடையாமல் கெட்டியாகப் பிடித்தது. போதாததற்கு 120-இல் நிறுத்தி உலர்த்தும் ஸ்டெப்பையும், வெயிலில் நாலு நாள் காய்ந்ததுதானே என்று விட்டுவிட்டேன். சூளை சூடேறிக் கொஞ்ச நேரத்தில் உள்ளே டப் டப்பென்று சத்தம். தேர்வாளர் என்னைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன்.

அதனால் முதல் வேலை, கன்ட்ரோலர் கேட்பது வேகமா நேரமா என்று பார்ப்பது. தாளில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். அதே பிஸ்க் திட்டம் நிமிடக் கணக்கில் இப்படி வரும்: 30-லிருந்து 120 வரை 90 நிமிடம், 120-லேயே 120 நிமிடம் நிறுத்தம், 600 வரை 288, 1000 வரை 160, அங்கே 10 நிமிடம் நிறுத்தம். மொத்தம் 668 நிமிடம், பதினோரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே. இந்தக் கூட்டுத்தொகையைப் போட்டுப் பார்க்கிற பழக்கம் இருந்திருந்தால் நான் தப்பித்திருப்பேன், ஏனென்றால் என் புரோகிராம் ஐந்தேகால் மணி நேரத்தில் முடிவதாக இருந்தது, அவ்வளவு சீக்கிரம் ஒரு கெட்டிக் குதிரை வேகாது என்று யாருக்குமே தோன்றியிருக்கும். கடைசி ஸ்டெப்பில் முடிவுக்கான குறி போட மறக்காதீர்கள், நான் பழகிய வகையில் நேரத்துக்குப் பதில் -121 என்று போட்டால்தான் நிற்கும்.

எண்களுக்குப் பின்னால் மண்ணுக்குள் என்ன நடக்கிறது என்பதை வைவாவில் நிச்சயம் கேட்பார்கள். 100-ஐ ஒட்டி ஈரம் ஆவியாகிறது, ஆவி வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே பெருத்தால் வெடிப்பு, என் குதிரைக்கு நடந்தது அதுதான். 450-லிருந்து 600 வரைக்கும் மண்ணோடு வேதியியல் முறையில் ஒட்டியிருக்கும் நீர் போகிறது. 573-இல் குவார்ட்ஸ் தன் வடிவத்தை மாற்றிச் சட்டென்று விரிகிறது, இறங்கும்போது அதே இடத்தில் சுருங்குகிறது. அவசரப்பட்டு மூடியைத் தூக்கினால் கீறல் விழுவது இதனால்தான். 700-லிருந்து 900 வரை மண்ணிலுள்ள கரி எரிந்து போகவேண்டும், அதற்கு நேரமும் காற்றும் வேண்டும். இந்த நாலையும் தெரிந்துகொண்டால் எந்த ஸ்டெப்பையும் நீங்களே எழுதிக்கொள்ளலாம்.

இனி வருவதுதான் இரண்டாம் தடவை என்னைக் காப்பாற்றியது. கோயம்புத்தூர் கணபதியில் மோட்டார் ரீவைண்டிங் பட்டறை வைத்திருக்கும் சித்தப்பாவிடம் விடுமுறையில் போய் உட்கார்ந்தேன். அவருக்கு மண்ணைப் பற்றி ஒன்றும் தெரியாது, ஆனால் கன்ட்ரோலர் என்றால் தண்ணி பட்ட பாடு. அவர் சொன்ன முதல் வார்த்தை, "புரோகிராம் அப்புறம் போடலாம் கண்ணு, மொதல்ல அது எந்த சென்சார்னு நெனச்சுட்டிருக்குதுன்னு மெனுவுல போய்ப் பாரு. வெளில ஒட்டியிருக்கற ஸ்டிக்கர நம்பாத."

சூளையின் சூட்டை அளக்கும் சென்சாருக்குத் தெர்மோகப்புள் என்று பெயர், அதில் K, J, S, R என்று வகைகள் உண்டு. நம் பக்கத்துச் சூளைகளில் பெரும்பாலும் K இருக்கும், மேல்சூட்டுக்கு S போடுவார்கள். ஒவ்வொன்றும் ஒரே வெப்பத்துக்கு வேறு வேறு மில்லிவோல்ட் தரும். சூளைக்குள் K இருந்து, கன்ட்ரோலர் அமைப்பில் J என்று இருந்தால், உள்ளே 1000 டிகிரி ஆகும்போது திரையில் 740 போலத்தான் தெரியும். கன்ட்ரோலர் இன்னும் வரவில்லை என்று கரண்டைக் கொடுத்துக்கொண்டே இருக்கும், திரை 1000-ஐத் தொடுவதற்குள் மண் உருகி ஓடிவிடும், எலிமெண்ட்டும் (சூடேற்றும் கம்பி) போய்விடும். இதில் மோசமான விஷயம், சூளை ஆறிக் கிடக்கும்போது இந்தத் தப்பு கண்ணுக்கே தெரியாது. தெர்மோகப்புள் தருவது இரண்டு முனைக்கும் உள்ள வெப்ப வித்தியாசத்துக்கான மின்னழுத்தம்தான். இரண்டு முனையும் அறை வெப்பத்தில் இருந்தால் வித்தியாசம் பூஜ்யம், அறை வெப்பத்தைக் கன்ட்ரோலர் தானாகச் சேர்த்துக்கொண்டு 30 என்று சமர்த்தாகக் காட்டும். வயர் தலைகீழாக மாட்டியிருந்தாலும் அப்படியே, சூடேற ஏற எண் குறையும்போதுதான் தெரியும்.

சித்தப்பா ஒரு குண்டாவில் தண்ணீரைக் கொதிக்கவைத்து, தனியாக இருந்த ஒரு தெர்மோகப்புளின் நுனியை அதில் விட்டுக் காட்டினார். கோயம்புத்தூர் கடல்மட்டத்திலிருந்து 400 மீட்டர் உயரம் என்பதால் 98, 99 காட்டினால் சரி. அமைப்பை J-க்கு மாற்றினார், 85-ஐ ஒட்டி நின்றது. அந்த ஒரு குண்டாத் தண்ணீரில் எனக்கு விளங்கியது வகுப்பில் மூன்று மாதம் விளங்கவில்லை. சென்சாருக்கும் கன்ட்ரோலருக்கும் நடுவே சாதா காப்பர் வயர் போடக்கூடாது, அந்தந்த வகைக்குரிய காம்பன்சேட்டிங் கேபிள்தான் போடவேண்டும் என்பதையும் அங்கேதான் தெரிந்துகொண்டேன்.

இரண்டாம் தடவை தேர்வில் மெனுவைத் திறந்தால் சென்சார் வகை J என்று இருந்தது. தேர்வாளர் வேண்டுமென்றே மாற்றி வைத்திருந்தார். K-க்கு மாற்றிவிட்டு அவரைப் பார்த்தேன், அவர் ஜன்னலைப் பார்த்தார்.

கோன் விஷயத்துக்கு வருவோம். நிறையப் பேர் கோன் என்றால் ஒரு வெப்பநிலை என்று எழுதி மதிப்பெண்ணை இழக்கிறார்கள். கவுந்தப்பாடிப் பக்கம் கரும்பாலையில் கொப்பரை முன்னால் நிற்கிறவர் தெர்மாமீட்டரா வைத்திருக்கிறார்? துளிப் பாகை எடுத்துத் தண்ணீரில் விட்டு உருட்டிப் பார்த்துப் பதம் சொல்கிறார். கோனும் பதம்தான், எவ்வளவு சூடு என்பதோடு எவ்வளவு நேரம் என்பதும் அதில் சேர்ந்திருக்கிறது. ஆர்ட்டன் என்ற கம்பெனியின் கோன் 6-ஐ எடுத்துக்கொண்டால், கடைசி 100 டிகிரியை மணிக்கு 60 வீதம் ஏற்றினால் 1222-இல் வளையும், மணிக்கு 150 வீதம் ஏற்றினால் 1243 வரை போகவேண்டும். ஆகவே கிளேஸ் திட்டத்தில் கடைசி ஸ்டெப்பின் வேகத்தைச் சொல்லாமல் உச்ச வெப்பத்தை மட்டும் சொல்வது அரைப் பதில். இன்னொன்று, 06 வேறு 6 வேறு. முன்னால் பூஜ்யம் இருந்தால் எண் பெரிதாகப் பெரிதாகச் சூடு குறைவு, 06 என்பது 1000-ஐ ஒட்டியது. ஏரி மண்ணில் செய்த செம்மண் சாமானைக் கோன் 6-க்குப் போட்டால் அது சூளைக்குள் பண்டம் வைக்கும் தட்டில் குழம்பாக நிற்கும். தட்டின் மேல் ஒட்டிக்கொண்டால் தட்டும் போச்சு.

பி.ஐ.டி (கரண்டைக் கூட்டிக் குறைத்து வெப்பத்தைச் சொன்ன அளவில் வைக்கும் கன்ட்ரோலரின் கணக்கு) பற்றி ரொம்பப் பயமுறுத்துவார்கள், அவ்வளவு இல்லை. ஆட்டோ ட்யூன் (அந்தக் கணக்குக்கான எண்களைக் கன்ட்ரோலரே கண்டுபிடிப்பது) என்றால் என்ன, பண்டம் வைக்கும் முன் ஏன் ஒருமுறை ஓட்டவேண்டும், கான்டாக்டர் (கரண்டைத் தட்டி இணைக்கும் சுவிட்ச்) இருந்தால் சைக்கிள் நேரம், அதாவது ஒரு ஆன்-ஆஃப் சுற்று, 20 நொடிக்குக் குறையாமலும் எஸ்.எஸ்.ஆர் (அசையும் பாகமில்லாத மின்னணு சுவிட்ச்) இருந்தால் 2 நொடி போலவும் ஏன் வைக்கிறோம் (நொடிக்கொருமுறை தட்டினால் கான்டாக்டர் சீக்கிரம் தேய்ந்துவிடும்), இவ்வளவு போதும். எஸ்.எஸ்.ஆர் கெட்டுப்போனால் பெரும்பாலும் ஆன் நிலையிலேயே மாட்டிக்கொள்ளும், அதனால் தனியாக ஒரு பாதுகாப்புக் கான்டாக்டரும் மிகைவெப்ப அலாரமும் வேண்டும் என்று சொன்னால் தேர்வாளர் முகம் மலரும். முடிகிற நேரத்தில் ஆள் பக்கத்தில் இருக்கவேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

காங்கேயம் பக்கத்தில் எங்கள் ஊரில் ஒரு சின்னச் சூளை வாங்கிப் பழகினேன், 6 கிலோவாட். புத்தகத்தில் இல்லாத ஒன்றை அங்கே கற்றுக்கொண்டேன். பொழுது சாய்ந்ததும் சுற்றுவட்டாரக் கிணற்று மோட்டார்கள் ஓட ஆரம்பித்தால் வோல்டேஜ் இறங்கும். 230 இருக்கவேண்டிய இடத்தில் 200 வந்தால் சக்தி அதன் வர்க்கத்தில் குறையும், 6 கிலோவாட் நாலரை ஆகிவிடும். திரையில் செட் வெப்பம் (புரோகிராம்படி இருக்கவேண்டியது) மேலே ஏறிக்கொண்டே போகும், நிஜ வெப்பம் பின்னால் நொண்டும். கன்ட்ரோலரில் நிஜ வெப்பம் எட்டிப்பிடிக்கும் வரை காத்திருக்கும் அமைப்பு இல்லாவிட்டால், அல்லது அதை ஆன் செய்யாவிட்டால், நேரம் முடிந்தது என்று 940-லேயே நிறுத்திவிட்டுப் போய்விடும். வேக்காடு போதாத சட்டியை மறுநாள் விரலால் சுண்டினால் தொண்டை கட்டினவன் மாதிரிச் சத்தம் வரும். புது எலிமெண்ட்டில் ஓடிய புரோகிராம் பழைய எலிமெண்ட்டில் ஓடாததற்கும் இதே காரணம், வயதாக ஆக அதன் மின்தடை கூடி, இழுக்கும் கரண்ட் குறைகிறது.

மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை எந்தத் தேதி என்று பேப்பரில் பார்த்துவிட்டுத்தான் சூளையை ஏற்றவேண்டும். கரண்ட் போய் வந்தால் கன்ட்ரோலர் என்ன செய்யும், விட்ட இடத்திலிருந்து ஓடுமா, முதலிலிருந்தா, நின்றுவிடுமா என்பது ஒரு அமைப்பு. வைவாவில் என்னிடம் கேட்டார்கள். நீங்களே ஒரு தடவை 80 டிகிரியில் மெயினை அணைத்துப் போட்டுப் பாருங்கள், மறக்காது.

வைவாவில் எதிர்பாராத ஒரு கேள்வியும் வந்தது. "ஏம்மா, கொடுமணல்ல கிடைச்சுதே கருப்புச் சிவப்புப் பானை, அத இந்தச் சூளைல சுட முடியுமா?" சென்னிமலைக்கு அந்தப் பக்கம் நொய்யல் கரையில் இருக்கும் ஊர், தமிழ்-பிராமி எழுத்துப் பொறித்த ஓடுகள் கிடைத்த இடம், பள்ளிச் சுற்றுலாவில் போனதுண்டு. கருப்பு வருவதற்குக் காற்று படாத இடமும் புகையும் வேண்டும், பானையைக் கவிழ்த்து அடுக்கிச் சுட்டால் உள்புறமும் வாயும் கருக்கும், காற்றுப் படும் வெளிப்புறம் சிவக்கும். மின்சூளைக்குள் எப்போதும் காற்று இருப்பதால் சிவப்புதான் வரும். உமியைப் போட்டுப் புகையவைக்கலாமே என்றார். எலிமெண்ட் கம்பியைக் காப்பது அதன் மேலுள்ள அலுமினா படலம், புகையில் அது அரிக்கப்பட்டுக் கம்பி சீக்கிரம் போய்விடும் என்றேன். சரி என்று தலையாட்டினார்.

அன்றைக்கு ஓட்டியது கோன் 06. கண்துளைக்கு நேராக 07, 06, 05 மூன்றையும் நட்டேன். இரவெல்லாம் மணிக்கொருமுறை செட், நிஜம், வோல்டேஜ், துளையில் தெரிந்த நிறம் என்று நான்கையும் எழுதினேன், நிறத்தை எழுதுங்கள், திரை பொய் சொன்னால் காட்டிக்கொடுப்பது அதுதான். மறுநாள் சாயங்காலம் 92 காட்டும்போது திறந்தோம். 07 படுத்திருந்தது, 06-இன் நுனி தட்டைத் தொட்டிருந்தது, 05 விறைப்பாக நின்றது, அதாவது வேக்காடு சரியாக 06. மதிப்பெண் போட்டாகிவிட்டது. மூன்றாம் நாள் வீட்டில் பார்த்தால் அதே சூட்டில் வெந்த ஒரு கிண்ணத்தின் விளிம்பில் வட்டமாகச் சில்லு தெறித்து, உள்ளே மிளகளவு வெள்ளைப் பொட்டு. சுக்கான்கல். சூளையில் சுண்ணாம்பாகி, காற்றின் ஈரத்தைக் குடித்து உப்பியிருக்கிறது. மண்ணை இன்னும் நைஸான சல்லடையில் சலித்திருக்கவேண்டும், அது கன்ட்ரோலரின் தப்பில்லை.