சிலந்திக் கடியும் குப்பைமேனிப் பற்றும்

பினாங்கு பாலிக் புலாவில் மாமாவின் டுரியான் தோட்டத்தில் பழைய தகரங்களை அடுக்கும்போது முன்கையில் எட்டுக்கால் பூச்சி கடித்துவிட்டது. உள்ளங்கை அகலத்துக்குக் கால் பரப்பிச் சுவரில் விறுவிறுவென்று ஓடுமே, அந்தச் சாதி. வயிற்றுக்கடியில் வெள்ளை முட்டைப் பையைப் பிடித்திருந்தது. முட்டையோடு இருக்கும்போது அதற்கு ரோஷம் அதிகம். சுரீரென்று வலி, இரண்டு புள்ளி, சுற்றிலும் தடிப்பு.

சோப்புப் போட்டுக் குழாயடியில் கழுவினேன். மோதிரத்தையும் கடிகாரத்தையும் கழற்றினேன். கை வீங்கிய பிறகு அவற்றைக் கழற்றுவது பெரும்பாடு. மாமாவின் மீன் பெட்டியில் ஐஸ் இருந்தது. துணியில் சுற்றிக் கொஞ்ச நேரம் வைப்பதும் எடுப்பதுமாக இருந்ததில் வலி பாதி அடங்கியது.

ஆயர் ஈத்தாம் வீட்டுக்கு வந்ததும் வைத்தியம் களைகட்டியது. பக்கத்து வீட்டு அக்கா வெற்றிலைச் சுண்ணாம்போடு வந்துவிட்டார். "வேணாம்க்கா, அது தோலைப் பொத்துப்போட்டுடும்" என்று அனுப்பிவைத்தேன். அம்மா லோங்காங் (சாக்கடை) ஓரத்தில் இருந்த குப்பைமேனியை வேரோடு பிடுங்கி வந்தார். அந்த வேரைக் கண்டால் பூனைக்குத் தலைகால் புரியாது. எங்கள் வீட்டுப் பூனை அதன்மேல் புரண்டு, நக்கி, கடைசியில் விளக்குமாற்றால் விரட்டித்தான் இலையைக் காப்பாற்ற வேண்டியிருந்தது.

இலையை நன்றாக அலசி, மஞ்சளும் துளி உப்பும் வைத்து அரைத்தார். பூசுவதற்கு முன் சிவப்பின் ஓரத்தைப் பேனாவால் கோடு போட்டுக்கொண்டேன். மஞ்சள் பூசிய தோலில் சிவப்பு பரவுகிறதா என்று கண்டுபிடிக்கவே முடியாது. கடித்த புள்ளிகளை விட்டு, சுற்றி மட்டும் பற்றுப் போட்டேன். குளுகுளுவென்று இருந்தது, அரிப்பும் மட்டுப்பட்டது. அது இலையின் வேலையா, ஐஸும் நான் போட்ட செட்டிரிசின் என்ற அலர்ஜி மாத்திரையும் செய்ததா என்று கேட்டால் என்னால் பிரித்துச் சொல்ல முடியாது.

அம்மா அதோடு விடவில்லை. "விஷம் உள்ள ஏறாம இருக்க ஒரு சங்கு சாறு குடிய்யா" என்றார். அதற்கு மட்டும் நான் மசியவில்லை. எனக்கு ஜி6பிடி குறைபாடு உண்டு, அதாவது சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி பிறவியிலேயே குறைவு. அதற்கு ஆகாது என்று பாச்சை உருண்டையைக்கூட அலமாரியில் வைக்க மாட்டோம். குப்பைமேனிச் சாறு உள்ளே போனால் இந்தக் குறைபாடு உள்ளவர்களுக்குச் சிவப்பணுக்கள் உடைந்து, சிறுநீர் கறுத்து, உயிருக்கே ஆபத்தாகலாம். மலேசியாவில் பிள்ளை பிறந்ததும் தொப்புள்கொடி இரத்தத்தில் இதைச் சோதித்துவிடுகிறார்கள். வீட்டில் யாருக்கு இருக்கிறது என்று தெரியாமல் எந்தச் சாற்றையும் ஊற்றிக் கொடுக்காதீர்கள்.

மறுநாள் சிவப்பு கோட்டைத் தாண்டியது, தொட்டால் சூடு. சரி, இனி இலை வேலைக்கு ஆகாது என்று அரசாங்கக் கிளினிக்குக்குப் போனேன். பதிவுக்கு 1 வெள்ளி (ரிங்கிட்). மிஸ்ஸி (நர்ஸ்) முதலில் பற்று முழுவதையும் கழுவச் சொன்னார். "சிலந்தியைக் கண்ணால் பார்த்தீர்களா?" என்றுதான் டாக்டர் தொடங்கினார். சிலந்திக் கடி என்று வருவதில் பல, சார்லி எறும்பு நசுங்கிய புண்ணாம். ராத்திரி விளக்குக்கு வரும் ஆரஞ்சும் கறுப்புமான அந்தப் பூச்சி கடிப்பதே இல்லை. அடித்து நசுக்கினால் அதன் நீர் பட்டு, ஒன்றிரண்டு நாளில் கோடு கோடாகக் கொப்புளம் வரும். அதை ஊதித் தள்ளிவிட்டு சோப்பால் கழுவ வேண்டுமாம். என் கையில் கிருமி சேரத் தொடங்கியிருந்தது. ஆன்டிபயாட்டிக்கும் டெட்டனஸ் ஊசியும் கிடைத்தன.

மூச்சு முட்டினால், உதடு வீங்கினால், வயிறு இறுக்கிப் பிடித்து வியர்த்துக் கொட்டினால் கிளினிக் வரிசையில் உட்கார வேண்டாம், 999-ஐ அழையுங்கள். மற்ற சந்தேகங்களுக்குத் தேசிய விஷ மையம் நம் பினாங்கு யுஎஸ்எம் பல்கலைக்கழகத்திலேயே இருக்கிறது, போனில் கேட்கலாம்.

கூட வந்த அம்மா டாக்டரிடமே கேட்டுவிட்டார், இலையை இனிப் பூசலாமா என்று. "தோல் மூடட்டும்மா, அப்புறம் பூசுங்க. மஞ்சள் மட்டும் வேணாம், எனக்குச் சிவப்பு தெரியணும்" என்றார் அவர்.