நாய் குட்டி போட்ட கதை

குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறை போகிற பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் சில வருடங்கள் மூன்றாம் வகுப்பு எடுத்தேன். சுற்றிலும் ரப்பர் மரங்கள். பாதிப் பிள்ளைகளின் வீட்டில் அம்மையும் அப்பாவும் பால்வெட்டுக்கு, அதாவது ரப்பர் மரத்தின் பட்டையைக் கீறிப் பால் எடுக்க, போகிறவர்கள். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும். அதனால் விடியும் முன்னே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். பிள்ளைகள் தாமாக எழுந்து, தாமாகக் கிளம்பி வருவார்கள்.

அப்படி வந்தவர்களில் ஒருத்தி முதல் பாடவேளையிலேயே உறங்கிவிடுவாள். தமிழ்ப் புத்தகத்தின் மேல் கன்னத்தை வைத்தால் அவ்வளவுதான். முகம் கழுவிவிட்டு வரச் சொன்னேன், எழுந்து நிற்கச் சொன்னேன். நின்றபடியே உறங்கினாள். ஒருநாள் கோபம் வந்து, "ராத்திரி டிவி பார்த்துட்டு இருந்தியா?" என்று கேட்டேன். ஆமாம் என்று தலையாட்டினாள்.

அந்தத் தலையாட்டலை நான் நம்பியதுதான் பெரிய தப்பு. பெரியவர்கள் கேள்வியோடு பதிலையும் நீட்டினால் பிள்ளைகள் அதை வாங்கிக்கொள்வார்கள். சீக்கிரம் விட்டுவிடுவார்களே. ஏன் உறங்குகிறாய் என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை. டிவியா, மொபைலா, சோம்பலா என்று மட்டுமே கேட்டிருக்கிறேன்.

இன்னொன்றும் என் கண்ணில் பட்டது, ஆனால் மண்டையில் ஏறவில்லை. மழை நாட்களில் அவள் நன்றாக விழித்திருப்பாள், முதல் ஆளாகக் கை தூக்குவாள். எங்கள் மாவட்டத்தில் ஆனி, ஆடியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. மழை பெய்தால் வெட்டுப்பட்டை நனைந்து பால் வீணாகும், வெட்டு இருக்காது. அம்மை வீட்டில் இருப்பாள். இது தெரிந்த ஊரில்தான் நானும் வேலை பார்த்தேன்.

ஒருநாள் மதியம் வருகைப் பதிவு கைபேசியில் ஏறாமல் சுற்றிக்கொண்டே இருந்தது. டவர் இல்லை. சும்மா உட்கார்ந்திருந்தேன். அவள் மேசைப் பக்கம் வந்து நின்றாள்.

"டீச்சர், எங்க வீட்டு நாய் குட்டி போட்டிருக்கு."

"அப்படியா மக்ளே, எத்தன?"

"நாலு."

மற்ற நாளாக இருந்தால் "சரி, போய் விளையாடு" என்று அனுப்பியிருப்பேன். அன்றைக்கு வேறு வேலை இல்லாததால் பேசாமல் இருந்தேன். அவள் நகத்தால் மேசை விளிம்பைச் சுரண்டிக்கொண்டே நின்றாள். நல்ல நேரம் கழித்து, "இப்போ அது விறகுப் புரையிலயாக்கும் கெடக்கு" என்றாள்.

"முன்னே எங்க கெடக்கும்?"

"கதவுகிட்ட. அம்மை போன பொறகு அதுதான் காவல். இப்போ வர மாட்டேங்குது. தம்பி ஒறங்குவான். நான் ஒறங்க மாட்டேன் டீச்சர்."

இத்தனையும் அந்த ஒற்றை நாய்க்குள் இருந்தது. மூன்று மணியிலிருந்து விடியும்வரை ஒரு எட்டு வயதுப் பிள்ளை கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அவளைத்தான் நான் வகுப்பில் நிற்க வைத்தேன்.

குழந்தையின் கருத்துக்கு மதிப்புக் கொடுக்க வேண்டும் என்கிறது 1989ஆம் வருடத்து ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 12ஆவது பிரிவு. இந்தியா 1992இல் அதை ஏற்றுக்கொண்டது. உடலால் மட்டுமல்ல, மனத்தாலும் பிள்ளையைத் துன்புறுத்தக் கூடாது என்கிறது 2009ஆம் வருடத்து கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு. இரண்டையும் பயிற்சியில் கேட்டு நோட்டில் எழுதி வைத்திருந்தேன். எழுந்து நிற்கச் சொல்வதும் அதில் சேரும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அவளுடைய அம்மையை வரச் சொன்னேன். ரப்பர் பாலை ஆசிட் ஊற்றி உறையவைத்து ஷீட்டு அடித்துவிட்டு அப்படியே வந்திருந்தாள், விரலில் ரப்பர் பால் காய்ந்து ஒட்டியிருந்தது. விஷயத்தைச் சொன்னதும் அழுதுவிட்டாள். "நாயைப் பத்தி ரெண்டு மூணு தடவ சொன்னா டீச்சர். குட்டிகளைத் திண்ணையில கொண்டு போட்டா அதும் வந்துரும்னு சொன்னா. பாலுக்கு ஆசிட் ஊத்துற நேரத்துல என்னடி நாய்னு விட்டுட்டேன்." அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வெட்டு முடங்கினால் கூலி இல்லை. எனக்குக் கூலிப் பிரச்சினையும் இல்லை, நானும் கேட்கவில்லையே.

நாயும் குட்டிகளும் திண்ணைக்கு வந்தன. பிள்ளைகளைத் தனியாக விட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன், பாட்டி ராத்திரி அங்கே வந்து படுக்க ஆரம்பித்தாள்.

2023 ஆகஸ்டில் அரசு தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் காலை உணவு வந்த பிறகு, பிள்ளைகள் சாப்பிடும் நேரத்தில் நான் போய் அவர்களோடு தரையில் உட்கார்ந்துகொள்கிறேன். வாயில் உப்புமாவை வைத்துக்கொண்டு அவர்கள் சொல்வதுபோல வேறெப்போதும் சொல்வதில்லை. கோழி காணாமல் போனது, மாமன் சண்டை போட்டது, செருப்பு அறுந்தது. எது வெறும் கோழிக் கதை, எது அப்படி இல்லை என்று முதலிலேயே தெரிவதில்லை. அதனால் எல்லாவற்றையும் கேட்கிறேன். ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் போகும், போகட்டும்.

நாய் குட்டி போட்ட அந்த வருடம் கார்த்திகையில் ஒரு மழை நாள். அந்தப் பிள்ளை நனைந்த தலையோடு நேராக என்னிடம் ஓடி வந்தாள்.

"டீச்சர், இன்னைக்கு வெட்டு இல்ல. அம்மை தோசை சுட்டுத் தந்தா."

பேனாவைக் கீழே வைத்தேன். "அப்புறம் மக்ளே?"

"அவ்வளவுதான் டீச்சர்" என்று சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டாள்.