அரண்மனைக்குள் ஒரு ஓவியச் சகோதரர்

வேதம் சொல்லச் சீனா போனவர், வாழ்நாளெல்லாம் குதிரையும் நாயும் பூவும் வரைந்துகொண்டிருந்தார். இத்தாலியின் மிலான்காரர் ஜூசெப்பே காஸ்டிலியோனே, இயேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவற சபையின் சகோதரர். 1715இல் போனவர் ஊர் திரும்பவே இல்லை. 1766இல் பெய்ஜிங்கிலேயே இறந்தார்.

கலையால் அரசரின் மனதில் இடம்பிடித்தால் மதத்துக்கும் வழி பிறக்கும் என்பது சபையின் கணக்கு. ஆனால் 1724இல் யோங்செங் பேரரசர் கிறிஸ்தவத்துக்குத் தடை போட்டார். ஓவியர் வேண்டும், அவருடைய வேதம் வேண்டாம். நல்ல நியாயம்!

1728இல் அவர் முடித்த 'நூறு குதிரைகள்', ஏறக்குறைய எட்டு மீட்டர் நீளமுள்ள பட்டுச் சுருள். ஒரு குதிரை நான்கு காலும் மேலே தெரிய மண்ணில் புரள்கிறது, சில ஆற்றைக் கடக்கின்றன. உடலின் திரட்சி ஐரோப்பியக் கைவண்ணம், பட்டும் சுருளும் சீனத்துடையவை. அப்புறம், முகத்தில் பாதி நிழல் விழுவது அரண்மனை ரசனைக்கு ஒத்துவராது. அதனால் உருவப்படங்களில் முகத்துக்கு நேர் வெளிச்சம் கொடுத்துவிடுவார்.

1736இல், வரைந்துகொண்டிருக்கும்போது பார்க்க வந்த அடுத்த பேரரசர் சியான்லோங் முன் மண்டியிட்டுக் கிறிஸ்தவர்களுக்காக மன்றாடினார். என்னைக் கேட்டால், அவர் செய்த பெரிய ஊழியம் அதுதான். பேரரசர் கோபப்படவில்லை, தடையும் நீங்கவில்லை.

அந்தச் சுருள் இப்போது தைப்பே தேசிய அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இணையத்தில் படம் கிடைத்தால் பெரிதாக்கிப் பாருங்கள், முதலில் அந்தப் புரளும் குதிரையை.