கப்பலில் வெளுத்த முகம்

அம்மாவின் திசுப் பரிசோதனை முடிவுக்காக 11 நாள்கள் காத்திருக்க நேர்ந்தது. நம் கையில் இல்லாததை எண்ணிக் கவலைப்பட்டு என்ன ஆகப்போகிறது என்று அந்த நாள்களில் என்னிடம் சொல்லாதவர் இல்லை. சொன்னதெல்லாம் உண்மைதான், ஆனால் இரவு இரண்டு மணிக்கு நெஞ்சு படபடக்க விழித்துக்கொண்டவனுக்கு அந்த உண்மை ஆறுதலாக இல்லை, இதுகூடத் தெரியாதா என்ற ஏளனமாகவே கேட்டது. ஏற்றுக்கொள்வதென்றால் கலங்காமல் இருப்பது என்று நான் பொருள்கொண்டிருந்ததால், கலங்கிய ஒவ்வொரு முறையும் அம்மாவின் நோயோடு என் கோழைத்தனத்தையும் சேர்த்துச் சுமந்தேன்.

அந்தச் சுமையை இறக்கிவைத்தது, 2ஆம் நூற்றாண்டு ரோமானிய எழுத்தாளர் ஆலஸ் கெல்லியஸ் எழுதிவைத்திருக்கும் ஒரு கடற்பயணக் கதை. இத்தாலிக்குச் சென்றுகொண்டிருந்த அவருடைய கப்பல் புயலில் அகப்பட்டது. பயணிகளில் ஒருவர், எது நேர்ந்தாலும் அறிவின் துணையால் கலங்காதிருக்கக் கற்பிக்கும் ஸ்டோயிக் தத்துவத்துக்கு ஏதென்ஸில் பெயர்பெற்ற ஆசிரியர். மற்றவர்கள் புலம்பியபோது அவர் புலம்பவில்லை. ஆனால் அவர் முகமும் எல்லாருடைய முகத்தையும் போலவே வெளுத்திருந்தது. கடல் அடங்கிய பிறகு அதைச் சுட்டிக்காட்டிக் கேலிசெய்தார் ஒரு செல்வந்தர். கெல்லியஸோ தனிமையில், பணிவாகக் காரணம் கேட்டார். ஆசிரியர் தம் பையிலிருந்து, அடிமையாக இருந்து விடுதலை பெற்ற ஸ்டோயிக் ஞானி எபிக்டெட்டஸின் நூலொன்றை எடுத்துக் காட்டினார். அது சொன்னது இதுதான். இடியோசை போன்ற பேரொலியோ எதிர்பாராத ஆபத்தோ நேரும்போது ஞானியின் உள்ளமும் ஒரு கணம் சுருங்கும், முகம் வெளுக்கும். அறிவு எழுந்து வருவதற்குள் நடந்துவிடுவது அது. அச்சம் நம் முன் விரிக்கும் காட்சிக்கு, ஆம், இது பெருங்கேடுதான் என்று மனம் ஒப்புதல் தருகிறதா என்ற இடத்தில்தான் ஞானியும் மற்றவரும் பிரிகிறார்கள்.

கருத்து, விருப்பு, வெறுப்பு ஆகியவை நம் வசம் உள்ளவை என்றும், உடல், உடைமை, பெயர், பதவி ஆகியவை நம் வசம் இல்லாதவை என்றும் எபிக்டெட்டஸ் பிரித்ததை முன்பே படித்திருக்கிறேன். இரவு இரண்டு மணிப் படபடப்பு எந்தப் பக்கம் சேரும் என்று மட்டும் யோசித்ததில்லை. அதுவும் உடலின் காரியந்தான். முதல் நடுக்கத்தை நான் தேர்ந்தெடுக்கவில்லை. ஆகவே அதை வெல்லவேண்டிய கடனும் எனக்கில்லை. இதை உணர்ந்த இரவில் தூங்கிவிட்டேன் என்று சொன்னால் பொய்யாகும், ஆனால் தூங்காததற்காக என்னைத் திட்டிக்கொள்ளவில்லை.

நான் வெட்கப்படவேண்டியது வேறொன்று. உளவியலாளர் எல்லன் லாங்கர் 1975இல் வெளியிட்ட ஆய்வொன்றில், ஒரு டாலர் லாட்டரிச் சீட்டைத் தாமே தேர்ந்தெடுத்தவர்கள் அதைத் திருப்பி விற்கச் சராசரியாக 8 டாலருக்கு மேல் கேட்டார்கள். கையில் கொடுக்கப்பட்டதை வாங்கிக்கொண்டவர்கள் 2 டாலருக்கும் குறைவாகவே கேட்டார்கள். தேர்ந்தெடுத்ததால் சீட்டுக்குப் பரிசு விழும் வாய்ப்பு கூடிவிடுவதில்லை. நானும் அப்படித்தான், கைபேசியில் ஆய்வகத்தின் பக்கத்தை மணிக்கு நான்கு முறை திறந்து பார்த்தால் முடிவு விரைந்தும் நல்லதாகவும் வந்துவிடும் என்பதைப்போல நடந்துகொண்டேன். ஆறாம் நாள் அங்கேயே போய், முடிவைத் தாமதிக்கவோ விரைவுபடுத்தவோ எந்த அதிகாரமும் இல்லாத வரவேற்பு மேசைப் பெண்ணிடம் கத்தினேன். படபடப்பு என் வசம் இல்லை. அந்தக் கத்தல் முழுக்க என்னுடையது.

அதன் பிறகு மிஞ்சிய நாள்களில், பழைய மருந்துச் சீட்டுகளைத் தேதிவாரியாக அடுக்கினேன். மருத்துவரிடம் கேட்கவேண்டியவற்றை அம்மாவையே சொல்லச்சொல்லி எழுதிக்கொண்டேன்.  (முடிவு தெரியாத வேளையில் வீட்டிலேயே தெளிவாக இருந்தவர் அவர்தான்.) எல்லாம் விதி என்று கைகட்டி உட்காருவதை ஏற்பு என்று அழைப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை, செய்யக்கூடியதைச் செய்யாமல் விடுவதற்கு அது நல்ல சாக்கு, அவ்வளவே.

கணியன் பூங்குன்றனாரின் புறநானூற்றுப் பாடலில், பேராற்று நீரின் போக்கில் செல்லும் புணையைப்போல உயிரும் முறைவழியே செல்லும் என்ற உவமையை எல்லாரும் எடுத்தாளுகிறார்கள். அந்தப் பாட்டு அங்கே முடியவில்லை. இதைத் தெளிந்ததால் பெரியோரை வியப்பதும் இல்லை, சிறியோரை இகழ்வது அதனினும் இல்லை என்று முடிகிறது. ஆறு தம் வசம் இல்லை என்று கண்ட புலவர், அடுத்த மூச்சிலேயே மனிதரிடம் நடந்துகொள்ளும் முறைக்கு வந்துவிடுகிறார்.

முடிவு 12ஆம் நாள் வந்தது. சிகிச்சை தேவைப்பட்டது, இன்றும் தொடர்கிறது. அறிக்கையை வாங்கப் போனபோது அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் என்னைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "எந்த நாள் சார்? தினமும் யாராவது கத்துவாங்க" என்று கூறி, கையொப்பமிட வேண்டிய பதிவேட்டை என் பக்கம் திருப்பிவைத்தார்.